எங்கள் காலனிக்கு வந்த முதல் ஆட்டம்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம், சித்தூர் மாவட்டத்தில் குடுபல்லிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காலனி. வீட்டில் தமிழ், மண்டல் ஆபீஸில் தெலுங்கு, வேலைக்குப் போகிற பெங்களூரில் கன்னடம் என்று மூன்றையும் கலந்து பேசி வளர்ந்த கூட்டம் நாங்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் கபடி டீமுக்கு நான்தான் கேப்டன். ஆட்டத் திறமையைப் பார்த்துக் கொடுத்த பதவி என்று நினைத்துவிடாதீர்கள். சண்டை போட ஒரு ஆள் தேவைப்பட்டது, அதற்கு என்னைவிடப் பொருத்தமான வாய் எங்கள் காலனியில் இல்லை.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எட்டு ஊர் இளைஞர்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு கபடிப் போட்டி நடத்துவார்கள். கமிட்டி சித்தூரில் கூடும். காகிதத்தில் பார்த்தால் அவர்கள் விதி ரொம்ப நியாயமானது. ஒவ்வொரு டீமோடும் இரண்டு ஆட்டம், ஒன்று அவர்கள் ஊரில், ஒன்று நம் ஊரில். செமி ஃபைனலும் அப்படித்தான். இரண்டு ஆட்டத்துப் பாயிண்டையும் கூட்டி, யாருக்கு அதிகமோ அவர்கள் ஃபைனலுக்குப் போவார்கள்.

ஆனால் மூன்று வருஷமாக எங்கள் காலனியில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. லிஸ்டில் எங்கள் பெயர் இருக்கும். ஆட்டத்துக்கு நாலு நாள் முன்னால் குப்பம் டவுனில் இருக்கிற எஸ்.டி.டி பூத்துக்குச் செய்தி வரும், இந்த ஆட்டத்தையும் அவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று. ஒரு தடவை பஸ் வசதி இல்லை என்பார்கள். ஒரு தடவை கிரவுண்ட் சரியில்லை என்பார்கள். கிரவுண்டை யாராவது வந்து பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. நிஜமான காரணம் எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எங்கள் தாத்தா காலம்வரை சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த ஜனம் நாங்கள். எங்கள் தெருவுக்குள் வந்து, எங்கள் தண்ணீரைக் குடித்து, எங்கள் மண்ணில் உருள அவர்களுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் டீமில் பாதிப் பேர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, கான்கிரீட் வேலை. அப்போதுதான் அங்கே புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்து கட்டடம் கட்டடமாக எழும்பிக்கொண்டிருந்தது. விடிகிற நேரத்து ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஊரில் இருப்பார்கள். அந்த ஒரு நாளையும் வெளியூர் போய் ஆடுவதிலேயே கழித்தார்கள். பெற்றவர்களும் பெண்டாட்டி பிள்ளைகளும் அவர்கள் ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நாலாவது வருஷம் நாங்கள் செமி ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எதிரே திருச்சானூர் டீம். சித்தூரில் கமிட்டி உட்கார்ந்து, வழக்கம் போல இரண்டு ஆட்டமும் திருச்சானூரிலேயே என்று எழுதப் போனார்கள். நான் மேஜையை ஓங்கித் தட்டினேன்.

“ஏன் சார், மூணு வருஷமா உங்க ஊருக்கெல்லாம் வந்து வந்து ஆடிக்கினு கீறோம். எங்க ஊருக்கு ஒருத்தரும் வரமாட்டீங்களா? எங்க மண்ணு உங்க கால்ல ஒட்டிக்குமா?”

ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அவா கேக்கறது நியாயம்தானே? நாங்க போறோம்.”

திருச்சானூர் டீமின் கேப்டன் அவர். என் வயசுதான் இருக்கும். திருமலையில் மடப்பள்ளி கைங்கர்யம் செய்கிற வைஷ்ணவக் குடும்பம். நெற்றியில் திருமண், தோள் இரண்டும் பாறை. அவரைப் பார்த்தால் கபடி ஆடுகிறவர் என்று யாரும் நம்பமாட்டார்கள். அவரிடம் ஒருமுறை பிடிபட்டவர்கள் நம்புவார்கள்.

கமிட்டிக்கு வேறு வழியில்லை. ஆனால் ஒரு கொக்கி போட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வெளியூர் கேப்டன் கிரவுண்ட் எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சரியில்லை என்று அவர் எழுதிவிட்டால் அதற்கப்புறம் எங்கள் காலனியில் எந்த வருஷமும் ஆட்டம் கிடையாது. மற்ற ஏழு ஊருக்கும் இந்தச் சட்டம் உண்டா என்று கேட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். சரி, வருகிறது வரட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டம் திருச்சானூரில். கால் புதைகிற மணல் அது. எங்கள் செம்மண்ணில் ஓடிப் பழகியவர்களுக்கு ஓட்டமே வரவில்லை. கோயிலுக்கு வந்த பக்தர்கள்கூட நின்று அவர்களுக்குத்தான் கை தட்டினார்கள். கோயிலுக்குள் இருக்கிற தாயாரைத் தவிர அத்தனை பேரும் அவர்கள் பக்கம். ஆறு பாயிண்டில் தோற்றோம். பரவாயில்லை, அடுத்த ஞாயிறு நம் ஊர், நம் மண், நம் ஜனம் என்று ரயிலில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பினோம்.

அந்த வாரம் காலனியே கிரவுண்டில்தான் இருந்தது. சர்க்கார் பட்டாவில் எங்களுக்குக் கிடைத்த மேட்டு நிலத்தில் ஒரு துண்டுதான் கிரவுண்ட். பெண்கள் கூடை கூடையாகக் கல் பொறுக்கினார்கள். வருகிறவர்களுக்கென்று புதுக் குடங்கள், புது டம்ளர்கள் வாங்கி வைத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் நானே சுண்ணாம்புத் தூள் போட்டுக் கோடு கிழித்தேன். கயிறு கட்டி, அளவு பார்த்து, ஒரு விரல் கோணல் இல்லாமல் போட்டேன். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அவ்வளவு தடவை சரி பார்த்ததில்லை.

ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால், ஆட்டு மந்தை ஒன்று நடுக்கோட்டின் மேலேயே நடந்து போயிருக்கிறது. கோடு பாதி இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குகிற சத்தம் ரோட்டில் கேட்டுவிட்டது. பக்கத்தில்தான் எங்கள் பட்டுப்புழுக் கொட்டகை. ஓடிப்போய் அங்கே இருந்த யூரியாச் சாக்கிலிருந்து வெள்ளைத் தூளைச் சட்டியில் அள்ளி வந்து நடுக்கோட்டை மறுபடி போட்டேன்.

பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் திக்கென்று இருக்கும். கொட்டகையில் இரண்டு வெள்ளைத் தூள் வைத்திருப்போம். ஒன்று சுண்ணாம்பு. புழுப் படுக்கையில் ஈரம் தங்காமல் இருக்க அதைத் தூவுவோம். இன்னொன்று பிளீச்சிங் பவுடர். புழு கூடு கட்டி முடித்து ஒவ்வொரு ஈடும் விற்றுப் போன பிறகு கொட்டகையைக் கழுவுவதற்கு. இரண்டும் பழைய யூரியாச் சாக்கில்தான் கிடக்கும். வாசனை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். வேறு ஊர்க்காரன் கண்டுபிடித்திருப்பான். அது கழுவுகிற வாரம். அந்த வாரத்தில் எங்கள் காலனியில் சோறு, துணி, தலையணை எல்லாமே பிளீச்சிங் வாசனைதான் அடிக்கும். எங்கள் மூக்குக்கு அது ஒரு வாசனையாகவே தெரியாது.

ஆட்டம் தொடங்கியது. அப்படி ஒரு கூட்டத்தை எங்கள் காலனி பார்த்ததில்லை. கூரை மேலெல்லாம் ஜனம். என்னைப் பெற்ற நைனா, தன் ஆயுசில் கை தட்டியே அறியாத மனுஷர், எழுந்து நின்று கை தட்டினார். கால் மணி நேரத்துக்குள் மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தோம்.

அப்போது திருச்சானூர் கேப்டன் கபடி பாடிக்கொண்டு எங்கள் பக்கத்துக்குள் வந்தார். எங்கள் பையன்கள் மூன்று பேர் அவர் இடுப்பையும் காலையும் பிடித்துவிட்டார்கள். மனுஷர் விடவில்லை. மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே குப்புற விழுந்து, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டார். கை மட்டும் படவில்லை. முகமும் கோட்டின் மேல் போய் விழுந்தது.

எழுந்தவர் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார். “கண்ணுல மண்ணு” என்று யாரோ சொன்னார்கள். அவர் டீம்காரர்கள் ஒரு டம்ளர் தண்ணீரை முகத்தில் அடித்துத் துண்டால் துடைக்கப் போனார்கள். நான் ஓடிப்போய் அவரைத் தூக்கினபோதுதான் என் கையைப் பார்த்தேன். காலையில் தூள் அள்ளின விரல் இடுக்கெல்லாம் வெந்த மாதிரி சிவந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். மூக்கோடு ஒட்டி வைத்தபோது எங்கள் மூக்குக்கே தெரிந்தது, அது பிளீச்சிங் பவுடர்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். நான் உடனே வாயைத் திறக்கவில்லை. பத்து எண்ணுகிற நேரம் சும்மா நின்றேன். மண் என்றே போகட்டும் என்று ஒரு மனசு. பிளீச்சிங் பவுடர் என்று சொன்னால், வந்தவர்கள் கண்ணில் விஷத்தைப் போட்ட ஊர் என்று மாவட்டம் பூராவும் பேசுவார்கள். அவரும் அந்தக் கமிட்டிப் பேப்பரில் அப்படியே எழுதுவார். நாலு வருஷச் சண்டை, அத்தனை பேர் பொறுக்கின கல், எல்லாம் போச்சு. இனி எந்த ஜென்மத்திலும் எவனும் எங்கள் ஊருக்கு வரமாட்டான். ஆனால் நைனாவுக்கு ஒரு தடவை இதே தூள் கண்ணில் பட்டிருக்கிறது. துடைக்கக் கூடாது, நிறுத்தாமல் கழுவ வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். அந்தத் துண்டு அவர் கண்ணுக்குப் போனபோது என்னால் முடியவில்லை.

“தொடைக்காதீங்க!” என்று கத்தினேன். “அது மண்ணு இல்ல, பிளீச்சிங் பவுடரு. நான்தான் மாத்திப் போட்டுட்டேன். தண்ணி எத்தினு வாங்க!”

கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. பெண்கள் அவரவர் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். புதுக் குடமாவது ஒன்றாவது, சமையல் குடம், குளிக்கிற குடம், எல்லாம் வந்தது. முதல் குடத்தோடு வந்த காலனி அம்மா ஒருத்தர் அவர் பக்கத்தில் போய்த் தயங்கி நின்றுவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஊற்றலாமா கூடாதா என்று, அவர் அப்படித் துடிக்கும்போதும் அவர் சம்மதத்துக்குக் காத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகையையும் கோபத்தையும் இன்னும் மறக்கவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டே நிமிர்ந்தார். “ஏன் நிறுத்திட்டேள்? ஊத்துங்கோம்மா, ஊத்துங்கோ.”

அரை மணி நேரம் ஊற்றினோம். இருபது குடத்துக்கு மேல் இருக்கும். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன், நைனா இமையை விரித்துப் பிடித்தார். அவர்கள் டீமில் ஒருவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். “அவர விடுப்பா, மொதல்ல என்னப் பாரு” என்று திருச்சானூர் கேப்டனே அதட்டினார்.

பட்டுக்கூடு ஏற்றுகிற வேன் ஒன்று நின்றது. குப்பத்தில் டாக்டரிடம் கொண்டு போக ஏற்பாடு செய்தோம். சித்தூரிலிருந்து வந்திருந்த அம்பயர், ஆட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். “நிறுத்தாதீங்கோ, எனக்கு பதிலா ஒருத்தன் ஆடட்டும்” என்றார் திருச்சானூர் கேப்டன். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர்களுடைய சிறந்த ஆட்டக்காரரை ஆட்டத்திலிருந்து வெளியே அனுப்பியது என் கை. அவர் இல்லாமல் நாங்கள் முழு பலத்தோடு ஆடி ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு? “அப்போ நானும் ஆடல. எங்க பக்கமும் ஒரு மாத்து ஆள் எறங்கட்டும். நான் இவரோட போறேன்” என்று வேனில் ஏறிவிட்டேன்.

ஆக, நாலு வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கின ஆட்டத்தில் நான் பார்த்தது வெறும் கால் மணி நேரம்.

வேனில் அவர் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். பாதி வழியில், “ஏன் சொன்னேள்? மண்ணுன்னு விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே” என்றார்.

“எனக்குத் தெரியுமே சாமி” என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தப் பத்து எண்ணின நேரத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். அவர் என் தோளிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, “நானா இருந்தா இருபது எண்ணிருப்பேன்” என்றார். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் வீட்டுக் கதவைத் திறந்தார். ஒரு கண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார், இன்னொன்றுக்குச் சொட்டு மருந்து. உடனே கழுவினதால் தப்பித்தது, துடைத்துவிட்டு விட்டிருந்தால் பார்வைக்கு நான் உத்தரவாதம் தந்திருக்க முடியாது என்று தெலுங்கில் சொன்னார். நான் வெளியே வந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. ஐந்து பாயிண்டில் ஜெயித்திருந்தோம். முதல் ஆட்டத்து ஆறைக் கழித்தால் ஒரே ஒரு பாயிண்டில் ஃபைனல் போச்சு. நடுக்கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெண்கள் கோலமாவில் புதுக்கோடு போட்டிருந்தார்கள். கை சும்மா இருக்கவில்லை போல, இரண்டு முனையிலும் ஒவ்வொரு பூக்கோலம் வேறு. அத்தனை பேர் காலும் மிதித்துப் பாதி அழிந்து கிடந்தது.

அம்பயர் அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் ஜனம் மொத்தமும் சுற்றி நின்றது. ஒரு கண் கட்டு, இன்னொரு கண் மங்கல். திருச்சானூர் கேப்டனால் எழுத முடியவில்லை. அவர் டீமில் எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். “நான் சொல்றேன், நீங்க எழுதுங்கோ.”

பேனாவை வாங்கினேன். “என்ன எழுத?” என்றேன்.

“நடந்தத எழுதுங்கோ.”

எழுதினேன். நடுக்கோட்டில் சுண்ணாம்புக்கு பதில் பிளீச்சிங் பவுடர் போடப்பட்டது. வெளியூர் கேப்டனின் கண்ணில் பட்டது. தவறு இந்த ஊர் கேப்டனுடையது. என் கையாலேயே, தெலுங்கில், ஒரு வார்த்தையும் குறைக்காமல் எழுதினேன். இதோடு முடிந்தது நம் கதை என்று நினைத்துக்கொண்டே அதை உரக்கப் படித்தும் காட்டினேன். பின்னால் யாரோ விசும்புவது கேட்டது.

அவர் தலையாட்டினார். “இன்னும் எழுதுங்கோ. தப்ப அவாளே சொன்னா. அவாளே தண்ணி ஊத்தினா. கோட்டை மாத்திப் போட்டு ஆட்டத்த முடிச்சா.” ஒரு மூச்சு விட்டுவிட்டு, “அடுத்த வருஷமும் எங்க வெளியூர் ஆட்டம் இந்த ஊர்லதான் வேணும். அத மறக்காம எழுதுங்கோ” என்றார்.

எழுதினேனா, பேப்பரில் கண்ணீர் விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் விரலைப் பிடித்துக் கையெழுத்து இடத்தில் வைத்தேன். கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம் வரைக்கும் ஓடியது. போகும்போது அவரும் அவர் டீம்காரர்களும் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். என் சட்டையைப் பிடிக்க வந்தவர் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

பத்து நாளில் கண் நன்றாகிவிட்டது என்று அவரிடமிருந்து கார்டு வந்தது. கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுத்தார்களாம். ஆனால் கண்ணில் அடிபட்டவரே கையெழுத்துப் போட்டுக் கேட்கும்போது, அடிபடாதவர்கள் என்ன பேச முடியும்? அடுத்த வருஷம் திருச்சானூர் டீம் வந்தது. அவர்கள் வந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு ஊர் வந்தது. அதற்கடுத்த வருஷம் ஏழு ஊரும் வந்தது. ரயிலேறி வேலைக்குப் போகிற எங்கள் பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் பிள்ளைகள் பார்க்க ஆடினார்கள்.

இப்போது நான் பெங்களூரில் மேஸ்திரி. எங்கே கபடி நடந்தாலும் போய் நிற்பேன், ஆட்டத்துக்கு முன்னால் நடுக்கோட்டுத் தூளை விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பேன், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று என்பதுதான் நியாயம் என்று சித்தூரில் மேஜையைத் தட்டியவன் நான். நம்மை நம்பி நம் மண்ணில் வந்து விழுகிறவரின் கண்ணுக்கு நாம்தான் காவல் என்கிற மீதி நியாயத்தை எனக்குக் கற்றுத் தந்தது, கண் தெரியாமல் கட்டம் தாண்டி ஓடிய அந்த ஒரு கையெழுத்துதான்.